925 முத்திரையை நம்பி வாங்கிய சங்கிலி

வெள்ளி நகை வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் பட்டது இன்னொருவருக்கு வேண்டாம்.

முத்துப் பதக்கம் கோத்த ஒரு சங்கிலி. கொக்கிக்குப் பக்கத்தில் 925 என்று அழகாகக் குத்தியிருந்தது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்பதுதான் அதன் பொருள். சுத்த வெள்ளி மிருதுவாக இருப்பதால் உறுதிக்காகச் செம்பு சேர்க்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் எதன் மேலும் குத்தலாம் என்பதுதான் அப்போது மனதில் படவில்லை.

மூன்று வாரத்தில் கழுத்தில் அரிப்பு. பிறகு தோலில் பச்சைத் தடம். சங்கிலி உராயும் இடங்களில் மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தது. கடைக்கு எடுத்துப் போனேன். "வெள்ளின்னா கறுக்கத்தாங்க செய்யும், காற்று பட்டாலே அப்படித்தான்" என்றார் கடைக்காரர்.

எனக்கு இன்றும் கோபம் வருவது இந்தப் பதிலை நினைத்தால்தான். அவர் சொன்னது பொய் இல்லை. காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டு வெள்ளியின் மேல் வெள்ளி சல்ஃபைடு படியும், அதுதான் கறுப்பு. கலந்திருக்கும் செம்பால் நல்ல வெள்ளி கூடச் சிலர் தோலில் லேசாகப் பச்சை விடலாம். ஆனால் அந்தக் கறுப்பைத் துடைத்தால் அடியில் வெள்ளைதான் வரும், மஞ்சள் வராது. மஞ்சள் தெரிந்தால் மேலே இருந்தது முலாம். ஓர் உண்மையைச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார்.

"பாலிஷ் பண்ணித் தரேன்" என்று பதக்கத்தோடு சேர்த்து ஏதோ திரவத்தில் முக்கினார். நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. வெள்ளியைச் சுத்தம் செய்யும் திரவங்களில் பெரும்பாலும் அமிலம் இருக்கும். முத்துக்கு அது ஆகவே ஆகாது. எடுத்தபோது முத்து பளபளப்பு போய் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. சங்கிலி முன்பைவிட மஞ்சளாக இருந்தது.

வீட்டில் பதக்கத்தைக் கழற்றிவிட்டு எடை போட்டுப் பார்த்தேன். சங்கிலி 17 கிராம். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, சங்கிலியை நூலில் கட்டி அடியில் தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 2 கிராம் காட்டியது. சங்கிலி ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 17-ஐ 2-ஆல் வகுத்தால் அடர்த்தி 8.5. ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 925 வெள்ளி என்றால் 10.3-க்குப் பக்கத்தில் வரவேண்டும், 8.5 என்பது பித்தளையின் அடர்த்தி. (உள்ளே குழலாக இருக்கும் நகைக்கும் கல் பதித்ததற்கும் இந்தக் கணக்கு சரிவராது.) காந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

எக்ஸ்ரே கருவியில் சோதிக்கும் இடத்துக்கும் போனேன். கருவி மேல்பரப்பைத்தான் படிக்கும், முலாம் கனமாக இருந்தால் ஏமாந்துவிடும் என்று சொல்லி, மறைவான இடத்தில் அரத்தால் லேசாக ராவிவிட்டு வைத்தார்கள். செம்பு, துத்தநாகம், கொஞ்சம் நிக்கல். அரிப்பு நிக்கலால்தான் வந்திருக்க வேண்டும், பலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

முடிவோடு கடைக்குப் போனால் பில்லைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் "ஃபேன்சி செயின்" என்றுதான் இருந்தது. வெள்ளி என்ற சொல்லே இல்லை. வாங்கும்போது நான் தொகையை மட்டும் பார்த்திருக்கிறேன். பணம் திரும்ப வரவில்லை.

என்னிடம் பல வருடமாக ஒரு நிஜ வெள்ளி மோதிரம் இருக்கிறது. கறுத்தால் மிருதுவான துணியால் துடைப்பேன், பற்பசை போட மாட்டேன், அது கீறிவிடும். குளோரின் போட்ட நீச்சல் குளத்துக்குக் கழற்றி வைத்துவிட்டுப் போவேன். கழற்றினால் காற்றுப் புகாத சின்னப் பையில் போட்டு மூடுவேன், அவ்வளவுதான். அதன் அடியில் ஒருநாளும் மஞ்சள் தெரிந்ததில்லை.

இனி வாங்கினால், "வெள்ளி 925" என்றும் எடையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முலாம் பூசியதா என்று நேராகவே கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் நகையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.