துணி பத்து வருஷம், நூல் மூணு வருஷம்

போன செப்டம்பரில் கோகோஸ் தீவுகள் வழியாக வந்து மொரிஷியஸின் போர்ட் லூயியில் வந்து நின்றது 38 அடிப் பாய்மரப் படகு ஒன்று. ஓட்டி வந்தவர் சிங்கப்பூர்த் தமிழர். இங்கே தமிழில் பேசிப் பாய் தைக்கிற ஆள் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், கூப்பிட்டுவிட்டார். போய்ப் பார்த்தேன். சுருட்டி வைத்த முன்பாயின் ஓரத்தில், வெயிலுக்கு மறைப்பாகத் தைத்திருந்த நீலத் துணி ஒரு முழத்துக்குப் பிரிந்து தொங்கியது.

"தம்பி, இந்தத் துணி போச்சு. புதுசு போட எவ்வளவு ஆகும்?"

துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வெளுத்திருந்ததே தவிர அசையவில்லை. தையல்மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினேன். நூல் தவிடாக உதிர்ந்தது.

"துணி நல்லாத்தான் இருக்குண்ணே. நூல்தான் செத்துப்போச்சு."

நான் தூத்துக்குடிக்காரன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு ஆயத்த ஆடை மில்லுக்கு ஒப்பந்தத்தில் வந்தேன். டீ-ஷர்ட்டுக்குக் கழுத்துப்பட்டி அடித்த கை, இப்போது பாய் தைக்கிறது. சட்டையில் நூல் எது என்று யாரும் கேட்பதில்லை. படகில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் துணியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

இந்தத் தீவு 20 டிகிரி தெற்கில் இருக்கிறது. நவம்பர் கடைசியிலும் ஜனவரி பிற்பாதியிலும் மத்தியானம் வெளியே நின்றால் நம் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். பாயும் பாலியஸ்டர், சாதாரணப் பாய் நூலும் பாலியஸ்டர். பிறகு ஏன் நூல் மட்டும் முதலில் போகிறது? துணி இறுக்கி நெய்தது. வெயில் அதன் மேல்பரப்பை அரித்தாலும் அடியில் இழை மிச்சம் இருக்கும். நூலோ துணிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. வெயிலும் அதன்மேல், உராய்வும் அதன்மேல்.

நூலில் போட்டி இரண்டுக்குத்தான். ஒன்று பிசின் பூசிய பாலியஸ்டர் நூல், பாய்க்கு வழக்கமாக வி-92 தடிமன். இன்னொன்று டெனாரா போன்ற பிடிஎஃப்இ நூல். நம் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கிற அதே சரக்குதான். வெயில் இதை ஒன்றும் செய்வதில்லை. துணி மக்கினாலும் நூல் கிடக்கும். பாலியஸ்டர் நூல் இங்கே வருஷம் பூராவும் வெளியில் கிடக்கிற தையலில் மூன்று வருஷம் வந்தாலே பெரிது.

அப்படியானால் எல்லாவற்றையும் பிடிஎஃப்இ-யில் தைத்துவிடலாமே என்று நானும் நினைத்தேன். முதல் தடவை என் மிஷினில் அதைக் கோத்தபோது, பாலியஸ்டருக்கு வைத்திருந்த டென்ஷனை மாற்றாமலே ஓட்டினேன். வழுக்குகிற நூல், பத்துத் தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போனது, அடியில் பாபின் பக்கம் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. முனையை லைட்டரால் சுட்டு ஒட்டலாம் என்றால், பாலியஸ்டர் மாதிரி அது உருகவும் மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முனையிலும் விரற்கடை நீளம் முன்னும் பின்னும் ஓட்டித்தான் நிறுத்த வேண்டும். அன்றைக்கு நாலு மீட்டர் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். அதைவிட முக்கியமாக, இந்த நூல் வெயிலுக்குப் பயப்படாது, கூர்மைக்குப் பயப்படும். கம்பியிலோ உடைந்த பின்னிலோ உரசினால் சட்டென்று அறுந்துபோகும். இழுவிசையிலும் அதே தடிமன் பாலியஸ்டருக்கு ஈடில்லை.

அதனால் என் பழக்கம்: ஒரு பாய்க்கு இரண்டு நூல். வெயில் மறைப்புப் பட்டை, பிமினி என்கிற நிழல் கூரை, பெரிய பாயின் உறை எல்லாம் பிடிஎஃப்இ. பாயின் மூலைகள், நாடா தைக்கிற இடங்கள், பாரம் முழுக்க விழுகிற இடங்கள் எல்லாம் தடித்த பாலியஸ்டர், வி-138. விலையைச் சொல்லி மலைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: முன்பாயின் பட்டைக்கு முந்நூறு மீட்டர்போல நூல் போகும். பிடிஎஃப்இ பல மடங்கு விலைதான். ஆனாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என் ஒரு நாள் கூலியைத் தாண்டாது. பாயை இறக்கி, விரித்து, பிரித்து, தைத்து, ஏற்ற எனக்கு மூன்று நாள் ஆகிறது.

பட்டைத் துணியில் இரண்டு வகை. சன்பிரெல்லா மாதிரி அக்ரிலிக் துணியில் சாயம் இழைக்குள்ளேயே இருக்கும். கம்பெனியே பத்து வருஷ உத்தரவாதம் தருகிறது. சதுர மீட்டருக்கு 300 கிராம் சொச்சம், மழையில் நனைந்தால் இன்னும் பாரம். மெல்லிய காற்றில் பாயின் ஓரம் தொய்யும். யுவி டேக்ரான், அதாவது வெயில் காப்புப் பூசிய பாலியஸ்டர் பாய்த்துணி, ஏறக்குறைய அதில் பாதி எடை, ஆனால் காப்பு மேல்பூச்சில்தான் இருக்கிறது, அது தேய்ந்தால் கதை முடிந்தது. பந்தயம் ஓட்டுகிறவருக்கு இரண்டாவது. வீட்டைப் படகில் ஏற்றிக்கொண்டு கடல் தாண்டுகிறவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு முதலாவது.

பாய்த்துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. படலம் ஒட்டிய லேமினேட் பாய் உருவம் கலையாது, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஈரக் காற்றில் படலத்துக்கும் துணிக்கும் நடுவே பூஞ்சை பிடித்தால் கழுவ வழியே இல்லை. கருப்பாக உள்ளேயே உட்கார்ந்திருக்கும். டைனீமா இழை கலந்து நெய்த ஹைட்ராநெட் நல்ல சரக்கு, காசு இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் கெட்டியான சாதா டேக்ரான் போதும்.

சிங்கப்பூர் அண்ணன் கடைசியாக ஒன்று கேட்டார். "டர்பன்ல புதுப் பாயே தைச்சுக்கிட்டா என்ன? அதுவரைக்கும் இப்படியே ஓட்டிரலாம்ல?"

தென்னாப்பிரிக்காவில் நல்ல பாய்க் கடைகள் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. ரீயூனியன் பக்கம்தான், 130 கடல் மைல். அதற்கப்புறம் தென்னாப்பிரிக்கத் துறைமுகம் ரிச்சர்ட்ஸ் பே வரை 1,400 மைல் போல. கடைசியில் அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கே ஓடும். எதிரே தென்மேற்குக் காற்று எழும்பினால் அலை செங்குத்தாக நிற்கும். பிரிந்த பட்டை அங்கே சும்மா தொங்காது, பாயின் ஓரத்தையே கிழிக்கும். புயல் பருவத்துக்கு முன்னால் கிளம்பவும் வேண்டும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் ஓடியதைப் பார்த்தவன் நான்.

பாயின் வெள்ளைத் துணியில், ஓரமாக ஒரு ஊசியைக் குத்திப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன். இழை ஒதுங்கிக் கொடுத்தது, அறவில்லை. புதுப் பாய் வேண்டாம் என்றேன். நீலத் துணியையும் மாற்றவில்லை. பழைய ஓட்டைகளிலேயே விழாதபடி ஒரு நூலகலம் தள்ளி, பிடிஎஃப்இ-யில் இரட்டை வரிசை ஜிக்ஜாக் அடித்தேன்.

அவருடைய ஸ்பின்னேக்கரை, பின்காற்றுக்கு விரிக்கிற அந்த மெல்லிய நைலான் பாயைத்தான் காப்பாற்ற முடியவில்லை. கறை போகட்டும் என்று பிளீச்சில் ஊற வைத்திருந்தார். பாலியஸ்டர் அதைத் தாங்கும், நைலான் தாங்காது. மடிப்பைப் பிரிக்கும்போதே கையோடு கிழிந்து வந்தது.

அக்டோபர் நடுவில் கிளம்பினார். மிச்ச நூலோடு 18-ஆம் நம்பர் ஊசி நாலும் கொடுத்தனுப்பினேன்.