பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை

சேலம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தக் கடையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத் தொகுப்பு ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தது. பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர், எமன், சனீஸ்வரன் வேடம் கட்டியவர், பிறகு நடிப்பை விட்டுக் காவி உடுத்தித் தீர்த்த யாத்திரை போனவர், இத்தனையும் அவருடைய வள்ளி திருமணம் நாடகத்தில் தெரிகிறது; முருகன் காதல் பேசும்போதும் விருத்தமும் சந்தமும் தானாக வந்து விழுகின்றன, நடுநடுவே நீதியும். 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடகக் குழு தொடங்கியவர் அல்லவா, வாத்தியார் குணம் எழுத்திலும் இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. கடைக்கார அண்ணன் நின்றபடியே படிக்க விடுகிறார், அவசரப்படுத்துவதில்லை. அப்புறம், வாங்குமுன் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், என் பிரதியில் கடைசி நான்கு தாள் இல்லை.