ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதியை அளந்து பார்த்தேன்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களுக்கு அருகில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் எனக்கு, ‘கேஸ்’ (case) என்ற ஆங்கிலச் சொல் காதில் விழாத நாளில்லை. ஆகவே வெள்ளவத்தையில் காலி வீதியிலுள்ள ஒரு புத்தகக் கடையில், தமிழ்நாட்டில் அச்சான ஆங்கிலம் - தமிழ்க் கையகராதி ஒன்றைக் கண்டபோது, விலையைக் கேட்பதற்கு முன் அந்தச் சொல்லைத்தான் தேடிப் பார்த்தேன். அரைப் பக்கத்துக்குப் பொருள் கொடுத்திருந்தார்கள், உடனே வாங்கிவிட்டேன். மூன்று மாதம் மேசையில் வைத்துப் புழங்கிய பின் இதை எழுதுகிறேன்.

தாளும் கட்டும் நன்று. எழுத்தும் கண்ணை வருத்தாத அளவு.

‘கேஸ்’ என்பது ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சேர்ந்த இரண்டு சொற்கள். ஒன்று, ‘விழுதல்’ என்று பொருள்படும் ‘காசுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நேர்ந்த நிலைமை, நீதிமன்ற வழக்கு, வைத்தியர் பார்க்கும் நோயாளர், இலக்கணத்தில் வேற்றுமை என்பவையெல்லாம் அதன் கிளைகள். மற்றது, பெட்டியைக் குறிக்கும் ‘காப்சா’விலிருந்து வந்தது, சூட்கேசும் தலையணை உறையும் இதன் வழியில் வந்தவை. ஆங்கிலப் பெரிய எழுத்தை ‘அப்பர் கேஸ்’ என்பதும் இதனால்தான்: அச்சுக்கோப்பவர்கள் பெரிய எழுத்துகளை மேற்பெட்டியிலும் சிறிய எழுத்துகளைக் கீழ்ப்பெட்டியிலும் வைத்திருந்தார்கள். இந்த அகராதியோ இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ்க் கலந்து, பெட்டி, வழக்கு, உறை, வேற்றுமை என்று வரிசையாக அடுக்கியிருக்கிறது. எது எதனோடு உறவு என்பது தெரியாமல் ஒரு மாணவர் இவற்றை மனனம் செய்யத்தான் முடியும்.

அதைவிடப் பெரிய குறை, சொற்றொடர்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுகூட இல்லாதது. என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருவர், பிணை நிபந்தனை ஒன்றில் ‘இன் கேஸ்’ என்று தொடங்கும் வரியை இந்த அகராதியைப் பார்த்து, ‘எதிரியின் வழக்கில் தோன்றத் தவறினால்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். அங்கே வழக்கு என்ற பொருளே இல்லை. ‘எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) மன்றுக்கு வரத் தவறுமிடத்து’ என்றிருக்க வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘இன் கேஸ்’ என்பதற்கு ‘சந்தர்ப்பத்தில், வழக்கில்’ என்று மட்டும் போட்டிருந்தால் யார்தான் என்ன செய்வது? வானம் இருட்டிக்கொண்டு வரும்போது, “எதுக்கும் ஒரு குடையைக் கொண்டு போ” என்று அம்மாமார் சொல்லும் அந்த ‘எதுக்கும்’தான் ‘ஜஸ்ட் இன் கேஸ்’ என்பதற்கு நேரான தமிழ். ‘இன் தட் கேஸ்’ என்றால் ‘அப்படியென்றால்’. ‘இன் எனி கேஸ்’ என்றால் ‘எப்படியும்’. நாள்தோறும் வாயில் வரும் இந்தச் சொற்கள் ஓர் அகராதிக்குள் இடம்பெறாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இலங்கைச் சொல்வழக்குகளையும் எதிர்பார்க்காதீர்கள். நீதிமன்றத்தில் வழக்குக்குரிய ஆவணத் தொகுப்பை இங்கே ‘வழக்கேடு’ என்கிறோம், அது இல்லை. ‘டெங்கு கேஸ்’ என்பதற்கு ‘டெங்கு நிகழ்வு’ என்று கொடுத்திருக்கிறார்கள், நம் பத்திரிகைகளோ ‘டெங்கு நோயாளர்’ என்றுதான் எழுதுகின்றன. புத்தகம் அடுக்கும் ‘புக்கேஸ்’ அலமாரியாக இருக்கிறது; நமக்கு அது அலுமாரி. இது சின்ன விடயம், பொறுத்துக்கொள்ளலாம்.

வேற்றுமை என்ற பொருளுக்கு மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன்: எட்டு வேற்றுமைகளையும் உருபுகளோடு சிறு கட்டமாகத் தந்திருப்பதால், ஆங்கிலம் வழியாக இலக்கணம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டமே பெரிய உதவி.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலப் பந்திகளை வாசித்து விளங்கிக்கொள்ள இது போதும், வாங்கலாம். மொழிபெயர்க்கிறவர்கள் இதை மட்டும் நம்பி வேலையில் இறங்க வேண்டாம். என் பிரதியில் அந்த அரைப் பக்கத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் நிரம்பிவிட்டது. ‘எதுக்கும்’ என்பதை அந்தத் தம்பியே எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்.