பிசினஸ் ஃபைபர் இணையம் என்று வந்தால், சாப்பு (கடை முத்திரை) குத்தும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எனக்கு ஒரு சின்னத் துணிக்கடை. தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கழுத்தில் அட்டை மாட்டிய பையன் ஒருவன் வந்தான். “அண்ணே, இந்த வரிசையில பழைய செப்புக் கம்பி லைனை வெட்டப் போறாங்க, இப்பவே ஃபைபருக்கு மாறிடுங்க” என்றான். அட்டையில் பெரிய தொலைத்தொடர்புக் கம்பெனியின் சின்னம். மாதம் 129 ரிங்கிட், ஒரு வருட ஒப்பந்தம், ரவுட்டர் இலவசம்.

எஸ்எஸ்எம் சான்று (கடைப் பதிவுச் சான்று), ஐசி (அடையாள அட்டை) நகல் எல்லாம் கொடுத்து, அவன் நீட்டிய டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் “இன்ஸ்டலேஷனுக்கு மட்டும்” என்று ஒரு தாளை எடுத்தான். கடையில் கூட்டம். படிக்காமல் சாப்பு குத்தினேன். என் தப்புதான், மறைக்கவில்லை.

அந்தத் தாள் பெரிய கம்பெனியுடையதே அல்ல. ரவுட்டரையும் ஓர் இன்டர்காம் பெட்டியையும் ஏஜென்டின் சொந்த நிறுவனத்திடம் 36 மாதத்துக்கு நான் வாடகைக்கு எடுத்ததாக அதில் இருந்தது. மாதம் 185 ரிங்கிட். கூட்டினால் 6,660. நடுவில் நிறுத்தினாலும் மீதி வாடகை முழுவதையும் கட்ட வேண்டுமாம். இன்டர்காம் பெட்டி இன்னும் பிரிக்காமல் சேலை மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது. பத்தடிக் கடையில் நான் யாரோடு இன்டர்காமில் பேச?

என் கணக்காளர் இன்னொன்றைப் பிடித்தார். வாடகை பில்லில் ‘தொலைத்தொடர்பு சேவை’ என்று எழுதி 8 விழுக்காடு வரி போட்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் சேவை வரி 8 ஆனபோதும் தொலைத்தொடர்புக்கு 6 தான் நீடித்தது. பில்லில் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) பதிவு எண்ணும் இல்லை. சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

தைப்பூச வாரத்தில் லைன் விழுந்தது. கார்டு மெஷின் வைஃபையில் ஓடுவது. மூன்று நாள் செத்துக் கிடந்தது. பெரிய கம்பெனியைக் கேட்டால் “ரவுட்டர் எங்களுடையது இல்லை.” ஏஜென்டைக் கேட்டால் “லைன் எங்களுடையது இல்லை.” நல்ல பொருத்தம்!

மின்சாரம், தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை. இங்கே மின்சாரத்துக்கு டிஎன்பி, தண்ணீருக்கு பிபிஏபிபி. யாரும் கடைவாசலில் வந்து திட்டம் விற்பதில்லை. இணையத்தில்தான் ஆளுக்கொரு ஏஜென்ட்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அது முடியாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்குபவருக்குத்தான். கடைக்கு வாங்கினால் நாம் பயனீட்டாளரே இல்லை. பல கடைக்காரர்களுக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. மிஞ்சியது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கு: 5,000 ரிங்கிட் வரை, வக்கீல் வேண்டாம், ஆனால் வழக்குப் போடுபவர் தனிநபராக இருக்க வேண்டும். என் கடை என் பெயரிலேயே பதிந்த எண்டர்பிரைஸ் என்பதால் தப்பித்தேன். சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் லிமிடெட் நிறுவனம்) வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியும் இல்லை.

தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆணையமான எம்சிஎம்சியில் புகார் கொடுத்தபின் பெரிய கம்பெனி லைனை அபராதமில்லாமல் ரத்து செய்தது. வாடகைத் தாள் மட்டும் அப்படியே நிற்கிறது, இன்னும் 29 மாதம். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறேன், அடுத்த மாதம் விசாரணை. போன வாரம் அதே மாதிரி அட்டை மாட்டிய இன்னொரு பையன் பக்கத்துப் பூக்கடையில் டேப்லெட்டை நீட்டிக்கொண்டிருந்தான். எழுந்து போய், “தாளைக் கொடு தம்பி, நான் முதலில் படிக்கிறேன்” என்றேன். போன் வந்ததாகச் சொல்லி வெளியே போனவன் திரும்பி வரவில்லை.