பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரும் 4294967297 என்ற எண்ணும்

என்னிடம் எண்ணியல் படிக்க வரும் கல்லூரி மாணவர்களுக்காக, காரைக்குடி செக்காலை சாலையில் உள்ள எழுதுபொருள் கடையொன்றில் சென்ற மாதம் 450 ரூபாய்க்கு ஒரு 12 இலக்க மேசைக் கால்குலேட்டர் வாங்கினேன். ஐந்தொகை போடுபவர்கள் விரும்பி வாங்குவது என்று கடைக்காரர் கூறினார். நான் அதை 4294967297 என்ற எண்ணைக் கொண்டு சோதித்தேன்.

2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். அடுத்து 32ஆம் அடுக்கில் வரும் இந்தப் பத்து இலக்க எண்ணும் பகா எண்ணே என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார். இதன் பகாக் காரணி எதுவாயினும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்கும் என்பதையும் அவர் நிறுவியதால், 193, 257, 449, 577, 641 என ஐந்தே வகுத்தல்களில் வேலை முடிந்துவிடுகிறது. ஐந்தாவது வகுத்தலில் திரையில் 6700417 என்ற முழு எண் வந்து நின்றபோது மாணவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கே கொடுத்த விலை தகும்.

கவனிக்க வேண்டியது 257-ஆல் வகுக்கும் இடம். திரையில் 16711935.0077 என்று வருகிறது. உண்மையான மீதி 2. கடைக்கணக்குக்கு வைப்பதுபோல் தசம விசையை இரண்டு இலக்கத்திலும், மிச்சத்தை வெட்டிவிடும் நிலையிலும் வைத்திருந்தால், அந்தப் பின்னம் மறைந்து 257-ஆல் எண் சரியாக வகுபடுவதுபோல் தோன்றும். பத்து இலக்கத் திரையில் இந்த எட்டு இலக்க ஈவுக்குப் பின் இரண்டு தசம இலக்கங்களுக்கே இடமிருக்கும்; பத்து இலக்கக் கருவியை வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

அடுத்து 64ஆம் அடுக்கில் வரும் எண்ணாகிய 18446744073709551617 இருபது இலக்கம் கொண்டது; 4294967296-இன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் வருவது. திரையில் பிழைக் குறிதான் வரும். ஆயினும் மீதிகளை மட்டும் கையாண்டால் இதே கருவி போதும். 4294967296 என்பது 274177-இன் 15665 மடங்கைவிட 15409 குறைவு. அந்த 15409-இன் வர்க்கமாகிய 237437281 என்பது 274177-இன் 866 மடங்கைவிட சரியாக ஒன்று குறைவு. ஆகவே இருபது இலக்க எண்ணை 274177 மீதியின்றி வகுக்கிறது. 1880-இல் லாண்ட்ரி கண்டறிந்த காரணி அது. ராமானுஜன் பெயரில் 1950-இல் சென்னையில் கணித நிறுவனம் கண்ட அழகப்பச் செட்டியாரின் கோட்டையூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, இந்தக் கணக்கைத் தானே தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகுதான் கருவியைத் தொட்டாள்.

குறைகளும் உண்டு. மீதியைத் தரும் விசை இல்லாததால், ஈவின் முழுப்பகுதியை மீண்டும் பெருக்கிக் கழிக்க வேண்டியிருக்கிறது. மங்கிய விளக்கொளியில் சோலார் மட்டும் போதவில்லை, பேட்டரி அவசியம். மற்றபடி பொத்தான்கள் பதமாக அழுந்துகின்றன, எண்கள் தள்ளியிருந்தும் தெளிவாகத் தெரிகின்றன. இதே வகையில் இன்னும் இரண்டு எடுத்து வைக்கும்படி கடையில் சொல்லியிருக்கிறேன்.