கத்துற கோச்: தனியா சொல்றதா, கார்டு காட்றதா?

பசங்க மேட்ச்ல கோச் எகிற ஆரம்பிச்சா ரெஃப்ரிக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பந்து வெளிய போனப்ப கிட்ட போய் "சார், இதோட நிறுத்திக்கோங்க"ன்னு மெதுவா சொல்றது, மானம் போகாததால நிறைய பேர் அதுலயே அடங்கிடுவாங்க.

இன்னொண்ணு தண்டனை. ஃபுட்பால் ரூல்ல 2019ல இருந்து கோச்சுக்கே மஞ்சள், சிவப்பு கார்டு இருக்கு, பெஞ்ச்ல யார் கத்துனதுன்னு தெரியலன்னா அங்க இருக்குற சீனியர் கோச்சுக்குத்தான் விழும். பாஸ்கெட்பால்ல ஃபிபா (FIBA, உலக பாஸ்கெட்பால் அமைப்பு) ரூல்படி தன் நடத்தைக்கு 2 டெக்னிக்கல் ஃபவுல் (ஆட்டத்துல இடிச்சதுக்கு இல்ல, நடத்தை தப்புக்கு குடுக்குறது) வாங்குன கோச் வெளிய போகணும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் எதிர் டீமுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காம கூடைக்கு எறியுற வாய்ப்பு), அவர் பண்ண தப்புக்கு பசங்க எதிர் டீமுக்கு பாயிண்ட் விட வேண்டி வரலாம், அதான் மனசு கேக்கல.

ரெஃப்ரிய பாத்து கத்துனா முதல்ல பேச்சு போதும். ஆனா சொந்த டீம் பையனயே திட்டி, அவன் ஜெர்சி நுனிய திருகிட்டு தலைகுனிஞ்சு நிக்கிறான்னா பேச்செல்லாம் வேணாம், உடனே கார்டுதான்.