பார்ட் டைம் வேலை என்று அக்கவுண்ட் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

சென்னையில் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் இதைப் படியுங்கள். வயிறு எரிந்து எழுதுகிறேன்.

தம்பி துரைப்பாக்கத்தில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். வேலை வாங்கித் தரும் ஆன்லைன் ஏஜென்சி ஒன்று அவனைப் பிடித்தது. அவன் அக்கவுண்டுக்கு வரும் பணத்தை அவர்கள் சொல்லும் அக்கவுண்டுக்கு மாற்றிவிட வேண்டும், நூற்றுக்கு 2 ரூபாய் கமிஷன். சீல் வைத்த ஆஃபர் லெட்டர், வீடியோ காலில் டை கட்டிய ஆள். "நானும் மதுரைப் பக்கம்தான் தம்பி, உன்னை மாதிரிதான் ஹாஸ்டல்ல கஷ்டப்பட்டேன்" என்றானாம் அந்தப் பாவி. ஊர்ப் பெயரைக் கேட்டதும் இவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முதலில் 15,000 வந்தது, சொன்னபடி 300 ரூபாய் நின்றது. அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்?

அடுத்து வந்த 80,000-ஐயும் மாற்றிவிட்டான். அந்த வாரமே மெஸ் பில் கட்டப் போனால் பணம் போகவில்லை. அக்கவுண்ட் ஃப்ரீஸ். உள்ளே அப்பா செமஸ்டர் ஃபீஸுக்குப் போட்ட 38,500 ரூபாய்!

வந்தது வடக்கே யாரோ ஒருவர் ஷேர் டிரேடிங் மோசடியில் இழந்த பணம். அவர் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் புகார் செய்ய, பணம் கடந்துபோன அக்கவுண்டுகளை எல்லாம் போலீஸ் வரிசையாக முடக்கியிருக்கிறது.

பேங்கில் கேட்டால் "ஹோம் பிராஞ்சுக்குப் போங்க." அங்கே போனால் "எங்க கையில ஒண்ணும் இல்ல, சைபர் கிரைம்ல என்ஓசி வாங்கிட்டு வாங்க." (என்ஓசி என்றால் தடையில்லாச் சான்று.) புகார் பதிவான வடக்கத்தி ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தால் இந்தியில் "நேரில் வா" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். ரயில் டிக்கெட்டை யார் தருவார்? ஏஜென்சியோ "சர்வர் பிரச்சினை ப்ரோ, நாளைக்குச் சரியாகிடும்" என்றது, பிறகு பிளாக் செய்துவிட்டது. 38,500 ரூபாய் கண்ணுக்குத் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கினோம்.

பணத்தோடு போகிற விஷயமும் இல்லை. 2002-ம் வருஷத்துச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தில் வழக்கு வந்து குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 வருஷம் கடுங்காவல். வக்கீல் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம், ஓடிபி எதையும் வாடகைக்கு விடாதீர்கள், கூடப் படிக்கிறவன் கேட்டாலும் சரி. தெரியாத பணம் வந்தால் தொடாமல் பேங்கில் எழுதிக் கொடுங்கள், திருப்பி அனுப்பச் சொல்லி எவன் போன் செய்தாலும் நீங்களாக அனுப்பாதீர்கள். ஏஜென்சியோடு பேசிய சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள், வக்கீல் முதலில் கேட்டது அதைத்தான்.

வெளிமாநில ஸ்டேஷனில் நேரில் போகாமல் என்ஓசி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.